நாலாவது கேமரா

மூன்று போதும் என்றுதான் முதலில் பேச்சு. வாசல் கேட்டுக்கு ஒன்று, போர்ட்டிகோவுக்கு ஒன்று, பக்கத்துச் சந்துக்கு ஒன்று. கேமரா ஒயரெல்லாம் போய்ச் சேருகிற பெட்டியில் நாலு ஓட்டை இருக்கிறது, ஒன்றை ஏன் சும்மா விடணும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதனால் நாலாவதாக ஒன்று வந்து இப்போது சாப்பாட்டு மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளையாக ஒரு குழல், முனையில் கறுப்புக் கண்ணாடி, என்னைப் பார்த்தபடி. பின்வாசலுக்காம். மணி பதினொன்றே கால். இன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு மேல், ஒரு மணிக்குள், பின்வாசல் வழியாக வசீகரன் வருவான். என் மகன். சாப்பிட வருவான். இது இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். வாசலில் டிரில் போடுகிற சத்தம் சுவர் வழியாக வந்து என் கடைவாய்ப் பல்லில் இறங்குகிறது. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். ரெண்டு பேருக்கு என்றால் கால் கிலோ போதும். அரைக் கிலோ நறுக்கிவிட்டேன். யாராவது பார்த்தால் என்ன சொல்வது? கேமரா மாட்ட வந்தவருக்கும் சேர்த்து என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்வதற்குப் பொய்யா பஞ்சம், இந்த மாசத்தில் நான் நன்றாகவே தேறியிருக்கிறேன்.

நேற்றே முடிந்திருக்க வேண்டிய வேலை இது. கேமரா மாட்ட வந்தவருக்கு ஆரோக்கியராஜ் என்று பெயர், நாற்பத்தைந்து வயசிருக்கும், புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றுதான் சொன்னார். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம். ராகு காலத்தில் புதுச் சாமானுக்குச் சுவிட்சு போடுவதா என்று என் வீட்டுக்காரர் வியாழக்கிழமைக்கு மாற்றிவிட்டார். வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரைக்குத்தான் ஆரம்பம், அதற்குள் மாட்டி, படம் பார்த்து, பொட்டு வைத்து முடித்துவிடலாம் என்று காலண்டர் முன்னால் நின்று கணக்குப் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வியாழக்கிழமை உங்களுக்குப் பென்ஷனர் சங்கம் இருக்கே என்றேன். ஒரு வாரம் போகலைன்னா சங்கம் ஒண்ணும் இடிஞ்சு விழுந்துடாது என்றார். விழாது. சங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. என் மகனுக்குச் சொல்லி அனுப்பத்தான் வழியில்லை, அவனிடம் போன் கிடையாது, எந்தப் போன் வாங்கிக் கொடுத்தாலும் ரெண்டு வாரத்தில் விற்றுக் குடித்துவிடுவான். எங்கே தங்குகிறான் என்று கேட்டால் பாலக்கரைப் பக்கம் என்பான், ஒருநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்பான். வாரத்தில் அந்த ஒரு அரைமணி நேரம்தான் எனக்கு அவன் இருக்கிறான் என்பதற்கு அத்தாட்சி. அந்த அரைமணிக்கு நேராகத்தான் இப்போது கேமரா வருகிறது.

என் வீட்டுக்காரர் அரங்கநாயகம் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்தவர். முப்பத்தெட்டு வருஷம் சிவப்பா பச்சையா என்று பார்த்த கண், வீட்டில் ஒரு பல்பு மினுக்கினாலும் பொறுக்காது. கேமரா வாங்குவது என்று முடிவானதும் புதுநோட்டு ஒன்று போட்டு, முதல் பக்கத்தில் 'பாதுகாப்பு' என்று எழுதி அடிக்கோடு இழுத்தார். மூன்று கடை ஏறி இறங்கினார். எத்தனை மெகாபிக்சல், இருட்டில் எத்தனை அடி தெரியும், எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டு எழுதினார். ஒயரே இல்லாமல் வைஃபையில் ஓடுகிற கேமரா இருக்கிறது, சுலபம் என்று ஒரு கடைக்காரர் சொன்னதற்கு, "காத்துல வர்றத நம்பி ரயிலு ஓட்ட முடியுமாய்யா?" என்று கேட்டுவிட்டு வந்தார். ஒயர்தான். ஒரு மாசப் பதிவு நிற்கிற ஹார்ட் டிஸ்க்தான். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் நோட்டை விரித்து எனக்குப் படித்துக் காட்டுவார். உம் கொட்டுவேன். அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகுநாளாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு லைன், ஒரு ஸ்டேஷன், ஒரு வேலை கிடைத்திருந்தது. இத்தனையும் யாரைப் பிடிக்க என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்காது. போன மாசம் நம் வீட்டில் திருடு போனதே, அதே ஆள் மறுபடி வந்தால் பிடிக்க. ஆள் யாரென்று ஊருக்கே தெரியும், பதினொரு வருஷமாகப் பாத்திரம் தேய்த்த சின்னப்பொண்ணு. அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நான்தான் சொல்ல வைத்தேன்.

இருபத்தாறு நாள் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். கல் வளையல் போட்டுக்கொண்டு போனதால் தினப்படி போடுகிற ரெண்டு வளையலையும் கழற்றி, சாமி அலமாரிக்குக் கீழே பித்தளை டப்பாவில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். சாயங்காலம் திரும்பினோம். முன்வாசல் பூட்டியபடி, பின்கிரில் பூட்டியபடி, பீரோ பூட்டியபடி. வளையலைக் காணோம். இவர் ஜன்னல் ஜன்னலாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். தொட்டி மேடையில் ஒரு தட்டு. கழுவி, கவிழ்த்து வைத்த தட்டு. காலையில் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, முகூர்த்தத்துக்கு ஓடினோம். சின்னப்பொண்ணுக்கு அன்றைக்கு லீவு. பாத்திரத்தில் முந்தின நாள் புளிச்சோறு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ரெண்டாம் வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தாளாம், சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவிக் கவிழ்க்கணும் என்று. அன்றிலிருந்து இன்று வரைக்கும், எத்தனை போதையில் வந்தாலும், வசி தட்டைக் கழுவிக் கவிழ்க்காமல் எழுந்ததில்லை. திருட வந்தவன் சாப்பிட்டிருக்கிறான். சாப்பிட்டவன் கழுவியிருக்கிறான். நான் அந்தத் தட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, மற்ற தட்டுகளோடு அடுக்கில் செருகினேன். அப்புறம்தான் தண்ணீர் குடித்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது, தட்டை எடுத்து வைத்த அந்த வேகம். யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது.

மறுநாள் எஸ்.ஐ. வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். "பின்பக்கக் கிரில் சாவி எங்கம்மா வப்பீங்க?" என்றார். துவைக்கிற கல்லுக்கு மேலே இருக்கிற மாடத்தில், சோப்புத்தூள் டப்பாவுக்குள் என்றேன். இவருக்கே அது அன்றைக்குத்தான் தெரியும், பின்பக்கம் அதிகம் போகிறவரில்லை. "அது யாராருக்குத் தெரியும்?" கேள்வி அவ்வளவுதான். மூன்று பேருக்கு. எனக்கு, சின்னப்பொண்ணுக்கு, வசிக்கு. நான் கோயிலுக்கோ ரேஷனுக்கோ போயிருந்தால் திறந்து உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று அவனுக்காக நானே வைத்த இடம். எஸ்.ஐ. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். இவரும் பார்த்தார். "எனக்கும் சின்னப்பொண்ணுக்கும்தாங்க தெரியும்," என்றேன். ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய வாக்கியம். சொல்லி முடிக்கிற வரைக்கும் மூன்றாவது பெயரைச் சொல்லிவிடுவேன் என்றே நினைத்திருந்தேன், சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை. ஸ்டேஷனில் அவளை ரெண்டு நாள் காலையிலிருந்து இருட்டும் வரை உட்கார வைத்தார்கள். என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள், எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. "அம்மா, நீங்க சொல்லுங்கம்மா, நான் எடுப்பனாம்மா?" என்றாள். நான் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "போலீஸ் பாத்துக்கும், நீ போ," என்றேன். சின்னப்பொண்ணிடம் நான் பேசினது அதுதான். பதினொரு வருஷத்தில் எனக்கு டைபாய்டு வந்தபோது கஞ்சி ஊற்றினவளிடம் நான் கடைசியாகப் பேசினது.

"அம்மா, இங்க ஒரு பிளக் பாயிண்டு கிடைக்குங்களா?" ஆரோக்கியராஜ் ஹாலில் கூப்பிடுகிறார். டி.வி.க்குப் பின்னால் இருக்கிறது என்று காட்டுகிறேன். மூன்று கேமரா முடித்துவிட்டார். மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். வேலைக்காரர்கள் என்றால் இழுத்தடிப்பார்கள் என்பார்களே, இந்த ஆள் ஏன் இத்தனை சுறுசுறுப்பு? டீ குடிங்க என்றேன், குடித்தபடியே ஒயரை உரித்தார். முறுக்கு வைத்தேன், பொட்டலம் கட்டிப் பையில் போட்டுக்கொண்டார், பிள்ளைகளுக்காம். என் வீட்டுக்காரர் அவர் பின்னாலேயே நின்று, "அத இன்னும் ரெண்டு இஞ்சு எறக்குங்க, மொகம் தெரியணும், மொகம். நெத்திய வச்சு நான் என்ன பண்றது?" என்கிறார். "எறக்குனா கைக்கு எட்டிரும் சார், ஒடச்சுட்டுப் போயிருவான்," என்கிறார் ஆரோக்கியராஜ். "எத்தன வீட்டுல மாட்டியிருக்கீங்க, எவனாவது மாட்டியிருக்கானா?" "நெறைய பேரு சார். ஆனா வெளியாளு கொறவு சார். மாட்டி ரெண்டு மூணு மாசத்துல, முக்காவாசி பேரு போனு போட்டு, பழைய பதிவ எப்பிடி அழிக்கிறதுன்னுதான் கேப்பாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவர் சிரிக்கவில்லை. எனக்கு நறுக்கிய வெண்டைக்காயின் பிசுபிசுப்பு கையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, மூன்று தரம் கழுவிவிட்டேன். மூன்று மாசமெல்லாம் வேண்டாம் ஆரோக்கியராஜ், என் வீட்டுக்கு முக்கால் மணி நேரம் போதும்.

அப்புறம் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தார். நானும் பின்னாலேயே போனேன். இங்க வேண்டாங்க, மழை அடிக்கும் என்றேன். மழைக்கு ஒன்றும் ஆகாதாம். துணி காயப்போட்டால் மறைக்கும் என்றேன். கொடியை ஒரு அடி தள்ளிக் கட்டிக்கொள்ளலாமாம். பப்பாளி மரத்துக்குக் காக்கா வரும், எச்சம் போடும் என்றேன். ஆரோக்கியராஜ் ஏணி மேலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். இவர்தான் சொன்னார்: "திருடன் வந்ததே இந்த வழியாத்தான். இங்க வேண்டான்னா பின்ன எங்க மாட்றது, சாமி ரூம்புலயா?" ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில்தான், இந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான், இவர் வசியைச் செருப்பால் அடித்தார். இவர் பென்ஷன் புத்தகத்தை எடுத்து எங்கேயோ அடகு வைத்துவிட்டான் என்று அடித்தார். இருபத்தொன்பது வயசுப் பிள்ளை, கையை ஓங்காமல், தலையைக் குனிந்து, ஒன்று ரெண்டு என்று வாங்கிக்கொண்டு நின்றான். "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சே, நான் செத்துட்டேன்னு வச்சுக்க," என்றார். அவன் சொன்னதைக் கேட்கிற பிள்ளைதான். முன்வாசல் படியை அதற்குப் பிறகு அவன் மிதிக்கவே இல்லை. நாலு மாசம் கழித்து ஒரு வியாழக்கிழமை, நான் துணி அலசிக்கொண்டிருக்கும்போது, பின்சந்துச் சுவருக்கு மேல் அவன் தலை தெரிந்தது. "ம்மா, பசிக்குதும்மா," என்றான். வேறு என்ன செய்ய? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நான் ராத்திரி தூங்குகிறேன்.

வளையல் போன பிறகு வந்த முதல் வியாழக்கிழமையும் வந்தான். அன்றைக்குக் கேட்டுவிடுவது என்று காலையிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எடுத்தியாடா? எடுத்தியாடா? அவன் வந்து கல்லில் உட்கார்ந்து, ரசம் ஊற்றிச் சாப்பிட்டான். முதுகெலும்பு சட்டைக்கு மேல் எண்ணுகிற மாதிரித் தெரிந்தது. "சின்னப்பொண்ணக்கா எங்கம்மா, காணும்?" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான், தலை நிமிராமல். வேலைக்கு வர்றதில்ல என்றேன். அவன் பிசைகிற கை ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் பிசைந்தான். நான் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவான், அவனுக்குச் சமாளிக்கத் தெரியாது, சின்ன வயசிலிருந்தே அப்படி. அவன் ஆமாம் என்றுவிட்டால் நான் எஸ்.ஐ.யிடம் போக வேண்டும், அல்லது போகாதவளாக இருக்க வேண்டும். கேட்காத வரைக்கும் எனக்கு ஒரு மூலை இருக்கிறது ஒளிந்துகொள்ள. அந்த மூலையில் நான் இருக்கிற நேரத்தில் சின்னப்பொண்ணை இந்தத் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கடைசி வீட்டு டாக்டரம்மா ஒருத்திதான் வைத்திருக்கிறாள். சின்னப்பொண்ணு தினமும் பன்னிரண்டே முக்கால் வாக்கில் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறாள், முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். திருட்டு நடந்த வீட்டை அவள் பார்க்க மாட்டாள், திருடியவள் என்று பெயர் எடுத்தவளை நான் ஒளிந்து பார்ப்பேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடு சேர்த்துத்தான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன்.

"பொட்டு வச்சுருங்கம்மா, நான் டி.வி.ல கனெக்சன் குடுத்துர்றேன்," என்கிறார் ஆரோக்கியராஜ். அவர் கழுத்தில் சின்னச் சிலுவை தொங்குகிறது, ஆனால் வழக்கம் தெரிந்தவர். "எல்லா வீட்டுலயும் வப்பாங்க. கண்ணாடி மேல மட்டும் வச்சுறாதீங்க. ஒரு வீட்டுல அப்பிடித்தான், படமே செவப்பா வருது, மெசினு போயிருச்சுன்னு என்னை ரெண்டு தடவ அலய விட்டாங்க." பன்னிரண்டு முப்பத்தைந்து. தட்டில் சந்தனமும் குங்குமமும் குழைத்து எடுத்துக்கொண்டு, ஸ்டூல் போட்டு ஏறி, கேட்டில் ஒன்று, போர்ட்டிகோவில் ஒன்று, சந்தில் ஒன்று. சுவரில் மாட்டிய ஸ்விட்சு முதல் கிரைண்டர் வரை, புதுசாக எது வந்தாலும் பொட்டு வைத்துப் பழகிய விரல். பின்வாசலுக்கு வருகிறேன். துவைக்கிற கல் மேல் ஏறினால் கைக்கு எட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சந்தில் யாரும் இல்லை. இன்னும் வரவில்லை. கண்ணாடி ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கிறது. எத்தனை சின்னது. ஆரோக்கியராஜே வழியும் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே. விரலில் சந்தனத்தை நிறைய வழித்து எடுத்து, நடுக்கண்ணாடியில் அப்பினேன். அதன் மேல் குங்குமம். சாமிக்கு வைக்கிற மாதிரி, ஓரம் கூடத் தெரியாமல். இறங்கி நின்றேன். மனசு ஒரு நொடி லேசாகி, திருவிழாவில் தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி இருந்தது. ஒரு நொடிதான்.

"நாலாவது என்னய்யா இருட்டிப்போச்சு?" ஹாலிலிருந்து இவர் குரல். ஆரோக்கியராஜ் செருப்பை மாட்டாமல் பின்பக்கம் வந்தார். கேமராவைப் பார்த்தார். என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "கை தவறிருச்சாம்மா?" என்றார். நான் ஆமாம் என்றேன். சட்டை நுனியை எச்சில் தொட்டுத் துடைத்தார். "இதத் தொடைக்க மாட்டேன்னா சார் வேற ஆளக் கூட்டியாருவாரும்மா," என்று மெதுவாகச் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். அவருக்கு என்ன தெரிந்தது, எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. எத்தனை வீடு பார்த்திருக்கிறார். நான் அங்கேயே நின்றுவிடலாம், அவன் தலை சுவருக்கு மேல் தெரிந்ததும் கையை ஆட்டி விரட்டிவிடலாம் என்று நினைத்தேன். கையை ஆட்டினால் அதுவும் தெரியுமே. "வல்லி! இங்க வா, வந்து பாரு, நீயும் கத்துக்கணும்," என்று இவர் கூப்பிட்டார். ரெண்டாவது தடவை கூப்பிட்டபோது போனேன். மணி பன்னிரண்டு ஐம்பது.

டி.வி.யில் நாலு கட்டம். நான் இருக்கிற வீடுதானா இது என்று இருந்தது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் சின்னதாக, அழுக்காக, யாரோ விட்டுப் போன வீடு மாதிரி. இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. முதல் கட்டத்தில் தெரு. வெயிலில் ஒருத்தி வருகிறாள். சின்னப்பொண்ணு. எப்போதும் போல எங்கள் கேட்டுக்கு நேராக வந்ததும் முகத்தைத் திருப்பினாள். பெட்டி அவளைப் பிடித்துக்கொண்டது. இவர் பதிவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, பெரிசாக்கிப் பார்த்தார். "பாத்தியா, காதுல கெடக்குற பிளாஸ்டிக் கம்மல் வரைக்கும் தெரியுது," என்றார். போன மாசம் வரைக்கும் அது தங்கக் கம்மல். எனக்கு அந்தக் காதைப் பார்க்கத்தான் முடிந்தது. ஏங்க, அவ எடுக்கல. சொல்லிவிட்டேனா? இல்லை, உதடு அசையவில்லை. இப்போது சொல்லிவிட்டால் அவன் வருவதற்கு முன் நானாகச் சொன்னதாக இருக்கும். பிடிபட்டுச் சொன்னதாக இருக்காது. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கிறது, சொல்லு, வல்லி, சொல்லேன். ஏங்க என்று ஆரம்பித்தும்விட்டேன். "என்ன?" என்றார், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். நாலாவது கட்டத்தில், சுவருக்கு மேல், ரெண்டு கை தெரிந்தது.

ஏறிக் குதித்தான். செருப்பைக் கழற்றிக் கல்லோரம் ஜோடியாக விட்டான். மேலிருந்து பார்க்கையில் உச்சந்தலையில் முடி கொட்டி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் தெரிந்தது. எனக்கு அது தெரியாது. நேரில் நான் அவன் முகத்தைத்தான் பார்ப்பேன். முப்பத்தொரு வயசுதான் ஆகிறது. குழாயில் முகம் கழுவினான், சட்டையில் துடைத்தான். வீட்டுக்குள் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும், கிரில் பக்கம் காதைக் கொடுத்தான், பிறகு பழக்கத்தில் கை தானாக மாடத்துக்குப் போனது. சோப்புத்தூள் டப்பாவைத் திறந்தான். விரலை விட்டுத் துழாவினான். சாவியை எடுத்தான். கிரில் திறந்தே கிடப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடி டப்பாவுக்குள் போட்டு, மூடியைத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்தான். எல்லாம் அத்தனை தெளிவாக இருந்தது. இவர் நோட்டில் எழுதி வைத்துத் தேடித் தேடி வாங்கிய தெளிவு. ஆரோக்கியராஜ், "சார், பின்னாடி யாரோ..." என்று ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். முடிந்தது என்று இருந்தது. இனி எழுந்திருப்பார், செருப்பை எடுப்பார், எஸ்.ஐ.க்குப் போன் போடுவார், நான் சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் போய் விழுவேன், தெருவே பார்க்கட்டும். பயத்துக்கு நடுவில் எனக்கு ஒரு ஆசுவாசம் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. அவர் முகத்தில் ஆச்சரியத்தைத் தேடினேன். இல்லை. அங்கே இருந்தது ஒரு அலுப்பு, ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை மறுபடி படிக்கச் சொன்னால் வருமே, அந்த அலுப்பு. அப்படியென்றால் இவருக்கு எப்போதிருந்து தெரியும்? அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்ததை அவரும் எனக்கு முன்னால் பார்த்தாரா? புகாரில் சின்னப்பொண்ணு பெயரை எஸ்.ஐ. எழுதும்போது இனிஷியல் சொன்னது இவர்தானே.

"ஆரோக்கியம்," என்றார். "அந்த நாலாவதக் கழட்டிருங்க." ஆரோக்கியராஜ் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்தார். "இப்ப வந்தது பதிவாயிருக்குமா?" "ஆயிருக்கும் சார்." "அழிச்சுருங்க." "சரி சார்." பின்பக்கம் "ம்மா" என்று சத்தம் வந்தது, மெதுவாக, எப்போதும் கூப்பிடுகிற மாதிரி. "கழட்டுனத வேற எங்க சார் மாட்டட்டும்?" என்று ஆரோக்கியராஜ் கேட்டார். இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நோட்டுக்குள் வைத்து மூடினார். "அடுப்படில மாட்டுங்க. திங்கக்கெழம புதுசா வேலைக்கு ஒருத்தி வர்றா," என்றார். என்னைப் பார்த்து, "போய் அவனுக்குச் சோத்தப் போடு. ஒன்றரைக்கு ராகு காலம் வந்துரும்," என்றார். அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறேன், அத்தனை கனிவாக அவர் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை.

வெண்டைக்காய்ப் பொரியலும் சாம்பாரும் போட்டேன். கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டான். உள்ளே டிரில் ஓடியது. "என்னம்மா சத்தம்?" என்றான். "கேமரா மாட்றாங்க," என்றேன். "எதுக்கு?" என்றான். "திருட்டு பயம்," என்றேன். அவன் நிமிரவில்லை, இன்னும் கொஞ்சம் பொரியல் கேட்டான், வைத்தேன். அந்த உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சுவர் ஏறிப் போனான். உள்ளே போனேன். ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். அடுப்பு, தொட்டி மேடை, பாத்திரம் தேய்க்கிற இடம், எல்லாம் தெரிகிற மாதிரி. "அம்மா, இதுக்கும் வச்சுருங்க," என்றார் ஆரோக்கியராஜ், ஏணியைத் தட்டி. மணி ஒன்று இருபத்தைந்து. ஏறினேன். சந்தனத்தை விரல் நுனியில் தொட்டு, கண்ணாடியில் படாமல், கொஞ்சம் தள்ளி, வட்டமாக வைத்தேன்.